இடது எண்ணிக்கை, வலது எண்ணிக்கை: இலேசான அணுக்கருக்களில் ஸ்பின் முனைவாக்கத்தை அளப்பது எப்படி

ஹீலியம் வாயு நிரப்பிய ஒரு சின்னக் கூடு, அதற்கு இடப்பக்கம் ஒரு டிடெக்டர், வலப்பக்கம் ஒரு டிடெக்டர். ஸ்பின் முனைவாக்கம் பெற்ற (அதாவது ஸ்பின் என்ற சொந்தக் கோண உந்தம் பெரும்பாலும் ஒரே திசையில் நிற்கும்) புரோட்டான் கற்றை உள்ளே போகிறது, இரண்டு பக்கமும் எண்ணுகிறீர்கள், வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுக்கிறீர்கள். சமச்சீரின்மை கிடைத்துவிட்டது. இதை ஒரு மதியத்தில் முடித்துவிடலாம். அந்த எண்ணில் எவ்வளவு அணுக்கரு விசையால் வந்தது, எவ்வளவு உங்கள் கற்றை ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுந்ததால் வந்தது என்று பிரிப்பதற்குத்தான் மற்ற நாளெல்லாம் போகும். கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதியும் அதைப் பற்றித்தான்.

முதலில் இது ஏன் நடக்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். அணுக்கரு விசையில் ஸ்பின்னும் சுற்றுப்பாதைக் கோண உந்தமும் சேர்ந்து வரும் ஒரு பகுதி இருக்கிறது. கருவின் வலப்பக்கம் உரசிப்போய் ஈர்ப்பால் இடப்பக்கம் வளையும் புரோட்டானுக்குச் சுற்றுப்பாதைக் கோண உந்தம் மேல்நோக்கி இருக்கும். இடப்பக்கம் உரசிப்போய் வலப்பக்கம் வளைவதற்குக் கீழ்நோக்கி இருக்கும். புரோட்டானின் ஸ்பின் மேல்நோக்கி இருந்தால் ஒரு பக்கம் இரண்டும் ஒரே திசை, மறுபக்கம் எதிர்த்திசை. ஆக இரண்டு பக்கமும் விசை ஒன்றல்ல, சிதறும் எண்ணிக்கையும் ஒன்றல்ல. கற்றையின் முனைவாக்கம் முழுமையாக, அதாவது 1 ஆக, இருந்தால் வரக்கூடிய இடது–வலது சமச்சீரின்மையைத்தான் அந்த வினையின் பகுப்புத் திறன் என்கிறோம். ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் வாய்வழியாகச் சொல்வது ஏ-ஒய். நீங்கள் அளக்கும் சமச்சீரின்மை என்பது முனைவாக்கமும் ஏ-ஒய்யும் பெருக்கியது. ஒரே எண்ணுக்குள் இரண்டு தெரியாத விஷயங்கள். ஒன்று வேறு எங்கிருந்தாவது தெரிந்திருந்தால்தான் மற்றது கிடைக்கும். இந்தத் துறையின் பாதி சாமர்த்தியம் இந்த ஒரு சிக்கலைச் சுற்றியே வளர்ந்தது.

குறி விஷயத்தை இப்போதே முடித்துக்கொள்ளுங்கள், பிறகு தள்ளிப்போட வேண்டாம். 1960-இல் பாசலில் ஏற்றுக்கொண்ட மரபுப்படி, உள்ளே வரும் உந்தத்தை வெளியேறும் உந்தத்தோடு திசையன் பெருக்கல் செய்தால் வரும் திசைதான் நேர்க்குறி. கற்றை போகும் திசையைப் பார்த்து நின்றால், ஸ்பின் மேலே, சிதறல் இடப்பக்கம் என்றால் நேர்க்குறி, அவ்வளவுதான். டியூட்ரான் (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த கரு) போன்ற ஸ்பின் 1 துகள்களுக்கு 1970-இல் மாடிசனில் வகுத்த மரபு. உங்கள் தரவுப் பதிவில் 'டிடெக்டர் 1', 'டிடெக்டர் 2' என்று எழுதாமல், கற்றைத் திசையைப் பார்த்து இடது, வலது என்று முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். ஸ்பின் மேலா கீழா என்பதையும் மூலத்தில் (முனைவாக்கம் பெற்ற துகள்களைத் தரும் கருவியில்) இருக்கும் பொத்தானின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். குறி தெரிந்த வினை ஒன்றில் அளந்து முடிவு செய்யுங்கள், ஏனென்றால் வழியில் இருக்கும் காந்தங்கள் ஸ்பின்னை எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்பது வேறு கதை.

அளவுகோலைத் தேர்ந்தெடுப்பது

இலேசான கருக்களில் ஹீலியம்-4 தான் ராஜா. காரணம் எளிது. அதற்குச் சொந்த ஸ்பின் சுழி, முதல் கிளர்ச்சி நிலை 20 எம்.இ.வி.க்கும் (மில்லியன் எலெக்ட்ரான்-வோல்ட்) மேலே, ஆகவே குறைந்த ஆற்றலில் கருவைக் கிளர்த்தாத மீள்சிதறல் மட்டும்தான் நடக்கும், நிறமாலையில் ஒரே ஒரு முகடு. அதோடு புரோட்டானும் ஹீலியம்-4-உம் சேர்ந்த லித்தியம்-5 அமைப்பில் மொத்தக் கோண உந்தம் 3/2, 1/2 என்று இரண்டு நிலைகள் ஸ்பின்–சுற்றுப்பாதை விசையால் நன்றாகப் பிரிந்து கிடக்கின்றன. அந்தப் பிளவுதான் பெரிய முனைவாக்கத்தைத் தருகிறது. நியூட்ரான்களை ஹீலியத்தில் சிதறவைத்து முனைவாக்கம் பெறலாம் என்று ஷ்விங்கர் 1946-லேயே சொன்னார். புரோட்டான்களை ஹீலியத்தில் இரண்டு முறை அடுத்தடுத்துச் சிதறவைத்து ஹோய்சிங்க்வெல்டும் ஃப்ரையரும் மின்னசோட்டாவில் 1952-இல் செய்துகாட்டினார்கள். முதல் சிதறல் முனைவாக்கத்தை உண்டாக்கும், இரண்டாவது அதை அளக்கும். முனைவாக்க மூலங்கள் இல்லாத காலத்தில் வேறு வழியும் இல்லை. எண்ணிக்கை வீதம் எவ்வளவு பரிதாபமாக இருந்திருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இரட்டைச் சிதறலின் கணக்கு இன்றும் உதவும். மீள்சிதறலில், காலத்தைத் திருப்பினாலும் இயற்பியல் மாறாது என்பதால், முனைவாக்கம் இல்லாத கற்றை சிதறும்போது பெறும் முனைவாக்கமும் அதே ஆற்றலில் அதே கோணத்தில் ஏ-ஒய்யும் ஒன்றே. ஆகவே ஒரே மாதிரி இரண்டு சிதறல்கள் செய்தால் சமச்சீரின்மை ஏ-ஒய்யின் இருமடி. வர்க்கமூலம் எடுத்தால் போதும். ஆனால் குறி தொலைந்துபோகும். அதோடு முதல் சிதறலில் ஆற்றல் குறைவதால் இரண்டாவது அதே ஆற்றலில் நடப்பதுமில்லை. அந்தத் திருத்தத்தை இலேசான கருக்களில் புறக்கணிக்கவே முடியாது.

இதைவிட அழகான வழி, ஏ-ஒய் தானாகவே 1 ஆகியே தீரவேண்டிய புள்ளிகள். ஸ்பின் 1/2 துகள் ஸ்பின் 0 கருவில் சிதறும்போது இரண்டே இரண்டு வீச்சுகள்தான் (சிதறலின் அளவைத் தீர்மானிக்கும் குவாண்டம் எண்கள்) உண்டு: ஸ்பின் புரளாதது ஒன்று, புரள்வது ஒன்று. இந்த இரண்டுக்கும் ஒரு குறிப்பிட்ட உறவு அமையும் ஆற்றலிலும் கோணத்திலும் ஒரு ஸ்பின் திசைக்குச் சிதறல் முழுக்கச் சுழியாகிறது, அங்கே ஏ-ஒய் சரியாக ஒன்று. புரோட்டான்–ஹீலியத்தில் இப்படிப்பட்ட புள்ளிகள் இருப்பதை ப்ளாட்னரும் பேக்கரும் 1971-இல் காட்டினார்கள், 12 எம்.இ.வி. சுற்றுவட்டாரத்தில், ஆய்வுக்கூடக் கோணம் 112 பாகை அருகே இருப்பது அதிகம் பயன்படும் ஒன்று. உச்சம் என்பதால் அங்கே சரிவு சுழி, ஆகவே கோணமோ ஆற்றலோ கொஞ்சம் பிசகினாலும் ஏ-ஒய் பெரிதாக நகராது. யாருடைய முந்தைய அளவீட்டையும் நம்பாமல் கற்றையின் முனைவாக்கத்தை நேரடியாக அளந்துவிடலாம். உங்கள் முடுக்கி இந்த ஆற்றலுக்குப் போகும் என்றால் வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

டியூட்ரானுக்கும் இப்படி ஒரு பரிசு உண்டு. ஆக்சிஜன்-16-ஐ டியூட்ரானால் அடித்து, ஆல்ஃபா (ஹீலியம்-4 கரு) வெளியேறி, நைட்ரஜன்-14 அதன் 2.31 எம்.இ.வி. நிலையில் (ஸ்பின் சுழி, நேர்ச் சமநிலை, அதாவது பாரிட்டி நேர்க்குறி) நிற்கும் வினையை எடுத்துக்கொள்ளுங்கள். சமநிலைக் காப்பின்படி, சிதறல் தளத்துக்குச் செங்குத்தான அச்சில் டியூட்ரானின் ஸ்பின் கூறு 0 ஆக இருந்தால் மட்டுமே இது நடக்கும். ஆகவே ஏ-ஒய்ஒய் (கீழே வரும் டென்சர் முனைவாக்கத்துக்கான பகுப்புத் திறன்) எல்லாக் கோணத்திலும் எல்லா ஆற்றலிலும் சரியாக −2, எந்த மாதிரிக் கணக்கும் வேண்டாம். ஒரே தொல்லை, இந்த நிலைக்குப் போவது ஐசோஸ்பின் விதியால் (புரோட்டானையும் நியூட்ரானையும் ஒரே துகளின் இரு நிலைகளாகப் பார்க்கும் சமச்சீர்) தடுக்கப்பட்டது, அதனால் எண்ணிக்கை குறைவு. ஒரு முறை பொறுமையாக அளந்து, அதை வைத்து வேகமான இரண்டாம் நிலை அளவுகோல் ஒன்றைத் தரப்படுத்திக்கொள்ளலாம்.

மிக உயர்ந்த ஆற்றலில் இப்படிப்பட்ட புள்ளிகள் கிடையாது. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்து ரிக் மோதுகருவியில் 2004 முதல் பயன்படுத்திய தந்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும்: முனைவாக்கம் பெற்ற ஹைட்ரஜன் அணுத் தாரையைக் கற்றைக்குக் குறுக்கே விடுவார்கள். மோதும் இரண்டும் புரோட்டான். ஆகவே கற்றை முனைவாக்கத்தால் வரும் பகுப்புத் திறனும் தாரை முனைவாக்கத்தால் வருவதும் ஒரே எண். அந்த எண் சில விழுக்காடுதான் என்பதோ, அது துல்லியமாக எவ்வளவு என்பதோ தெரியவே வேண்டாம். இரண்டு சமச்சீரின்மைகளையும் வகுத்தால் போதும், தாரையின் முனைவாக்கம் அணு இயற்பியல் முறையில் தனியாகத் தெரியும், கற்றையினுடையது வந்துவிடும்.

மூலத்தின் பக்கத்திலும் ஒரு விரைவுச் சோதனை உண்டு. லாம்ப்-பெயர்ச்சி வகை மூலமாக இருந்தால், நீடுநிலை அணுக்களை (கிளர்ச்சி நிலையிலேயே நெடுநேரம் நிற்பவை) அணைக்கும் முன்னும் பின்னும் கற்றை மின்னோட்டத்தின் விகிதம் பாருங்கள். முனைவாக்கம் ஏறத்தாழ 1-லிருந்து அந்த விகிதத்தின் தலைகீழைக் கழித்தது. விகிதம் 10 என்றால் 0.90. இது மூலத்தில் இருக்கும் நிலை மட்டும்தான், இலக்கில் இருப்பது அல்ல. தினசரி நலம் விசாரிக்க நல்லது, இறுதி எண்ணுக்கு இதை நம்ப வேண்டாம்.

இலக்கு, டிடெக்டர், ஸ்பின்னின் பயணம்

இலேசான கருக்களில் சிதறினால் புரோட்டான் நிறைய ஆற்றலை இழக்கும், கோணத்தோடு அது வேகமாக மாறும். இது தொல்லையும்தான், உதவியும்தான். 12 எம்.இ.வி. புரோட்டான் 112 பாகையில் சிதறினால், ஹீலியம்-4-இல் இருந்து ஏறத்தாழ 5.9, கார்பனில் இருந்து 9.5, டியூட்டீரியத்தில் இருந்து 2.6 எம்.இ.வி.யோடு வரும், ஹைட்ரஜனில் இருந்து 90 பாகைக்கு மேல் எதுவுமே வராது. ஆக, கூட்டுக்குள் கொஞ்சம் காற்று புகுந்திருந்தால் நிறமாலையே காட்டிக்கொடுத்துவிடும். வாயுக் கூட்டின் ஜன்னல் தகட்டில் இருந்து வரும் சிதறல்கள் டிடெக்டர் கண்ணில் படாதபடி முன்னும் பின்னும் இரண்டு பிளவுத் தடுப்புகள் வைக்க வேண்டும். அவற்றின் விளிம்பில் பட்டுத் தெறிப்பவை முகட்டின் கீழ்ப்பக்கம் வாலாக வரும். டியூட்டீரியம் கலந்த பாலித்தீன் தகடு பயன்படுத்துபவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும்: கற்றை வெப்பத்தில் டியூட்டீரியம் மெல்ல மெல்லப் போய்விடும், புரோட்டான் ஆற்றல் 3.34 எம்.இ.வி.க்கு மேல் போனால் டியூட்ரான் உடைந்து வரும் தொடர்ச்சியான பின்னணியும் சேரும். முன்கோணங்களில் புரோட்டானையும் பின்னுதைத்த டியூட்ரானையும் ஒரே நேரத்தில் பிடிக்கும் ஏற்பாடு செய்தால் பின்னணி பெரும்பாலும் ஒழிந்துவிடும்.

நீங்கள் குறிக்க வேண்டிய ஆற்றல் முடுக்கி தந்த ஆற்றல் அல்ல, இலக்கின் நடுவில் இருப்பது. ஜன்னலில் இழந்ததையும் வாயுவில் பாதித் தூரம் இழந்ததையும் கழியுங்கள்.

டிடெக்டர்கள் இடதிலும் வலதிலும் ஒரே கோணத்தில், ஒரே தூரத்தில். முடிந்தால் மேலேயும் கீழேயும் இரண்டு. ஸ்பின் உண்மையிலேயே செங்குத்தாக இருந்தால் மேல்–கீழ் ஜோடியில் சமச்சீரின்மை சுழியாக வரவேண்டும். வராவிட்டால் ஸ்பின் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஏன் சாயும்? காந்தம் கற்றையை ஒரு கோணம் வளைத்தால், ஸ்பின் அதைவிட வேறு ஒரு கோணம் திரும்பும். குறைந்த ஆற்றலில் புரோட்டானுக்கு அந்த மிகை 1.793 மடங்கு: 90 பாகை வளைவுக் காந்தத்தில் கற்றையின் திசையோடு ஒப்பிட ஸ்பின் 161 பாகை திரும்பியிருக்கும். டியூட்ரானுக்கு இது வெறும் −0.143 மடங்கு, அதே காந்தத்தில் 13 பாகைதான், அதுவும் எதிர்ப்பக்கம். காந்தப்புலத்துக்கு இணையான ஸ்பின் கூறு மட்டும் அப்படியே இருக்கும். ஆகவே கற்றை கிடைத்தளத்தில் வளைகிறது, ஸ்பின் செங்குத்து என்றால் கவலையே இல்லை. வேறு எந்தத் திசை வேண்டுமென்றாலும் மூலத்துக்கு அருகே, துகள் மெதுவாகப் போகும் இடத்தில், வீன் வடிகட்டியை (குறுக்கு மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து, பாதையை மாற்றாமல் ஸ்பின்னை மட்டும் திருப்பும் கருவி) வைத்து முன்கூட்டியே திருப்பி அனுப்ப வேண்டும். கணக்குப் போட்டு அமைத்துவிட்டு, வடிகட்டியின் கோணத்தை மாற்றி மாற்றிச் சமச்சீரின்மையை வரைந்து பாருங்கள். அழகான சைன் வளைவு வரும். அதன் உச்சம் எங்கே இருக்கிறது என்பதுதான் உண்மை, உங்கள் கணக்கு அல்ல.

குறுக்கு விகிதம்

இதுதான் இந்த வேலையின் இதயம். வெறும் இடது–வலது கணக்கை நம்பவே கூடாது. ஸ்பின்னைத் திருப்பி மறுபடி எண்ணுங்கள், அப்புறம் நான்கு எண்களையும் இப்படிச் சேருங்கள்:

விகிதம் = √[(இடது-மேல் × வலது-கீழ்) ÷ (இடது-கீழ் × வலது-மேல்)]

சமச்சீரின்மை = (விகிதம் − 1) ÷ (விகிதம் + 1)

இங்கே மேல், கீழ் என்பது ஸ்பின் திசை. ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். இடது-மேல் 13,860, வலது-மேல் 8,400, இடது-கீழ் 8,800, வலது-கீழ் 12,000. ஸ்பின் மேல் எண்ணிக்கையை மட்டும் எடுத்தால் சமச்சீரின்மை 0.245 வருகிறது. இடது டிடெக்டரை மட்டும் வைத்து ஸ்பின் மேலையும் கீழையும் ஒப்பிட்டால் 0.223. எது சரி? இரண்டும் இல்லை. குறுக்கு விகிதம் 2.25-இன் வர்க்கமூலம், அதாவது 1.5; சமச்சீரின்மை 0.5 ÷ 2.5 = 0.200. புள்ளியியல் பிழை 0.005-க்குக் கொஞ்சம் குறைவு. கற்றையின் முனைவாக்கம் 0.80 என்று தெரிந்தால் ஏ-ஒய் 0.250, பிழை 0.006.

ஏன் இது வேலை செய்கிறது என்றால், இடது டிடெக்டர் கொஞ்சம் பெரியது, வலதின் திறன் குறைவு, ஸ்பின் மேலாக இருந்தபோது கற்றை அதிகம் ஓடியது என்ற எல்லாக் காரணிகளும் பின்னத்தின் தொகுதியிலும் பகுதியிலும் ஒரு முறை வந்து அடிபட்டுப்போகின்றன. மின்னோட்டத்தை அளக்கும் கருவி தேவையே இல்லை. அதே நான்கு எண்களை வேறு விதமாகச் சேர்த்தால் அடிபட்டுப்போனவையும் தெரியும், பலர் இதைப் பார்ப்பதே இல்லை: (இடது-மேல் × வலது-மேல்) ÷ (இடது-கீழ் × வலது-கீழ்) என்பதன் வர்க்கமூலம் 1.05, அதாவது ஸ்பின் மேலில் 5 விழுக்காடு கற்றை அதிகம். (இடது-மேல் × இடது-கீழ்) ÷ (வலது-மேல் × வலது-கீழ்) என்பதன் வர்க்கமூலம் 1.10, அதாவது இடது டிடெக்டர் 10 விழுக்காடு பெரியது. இந்த இரண்டையும் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் வரைந்து வையுங்கள். முதலாவது மின்னோட்டக் கருவி சொல்வதோடு பொருந்த வேண்டும். இரண்டாவது நாள் முழுக்க நேர்க்கோடாக இருக்க வேண்டும். அது நகர்ந்தால் கற்றை நகர்கிறது, அல்லது ஒரு டிடெக்டர் கெட்டுக்கொண்டிருக்கிறது. சமச்சீரின்மை நன்றாக இருக்கிறதே என்று இதைப் பார்க்காமல் விடுபவர்கள் பிறகு வருந்துவார்கள்.

மேல், கீழ் இரண்டிலும் முனைவாக்கத்தின் அளவு சமமாக இல்லாவிட்டாலும் பெரிய ஆபத்தில்லை. இரண்டின் சராசரிதான் ஏறத்தாழ வெளிவரும், வித்தியாசம் சிறியதாக இருக்கும்வரை திருத்தமும் மிகச் சிறியது.

ஸ்பின்னை அடிக்கடி திருப்புங்கள். மணிக்கு ஒரு முறை அல்ல, நொடிக்குச் சில முறை. மேல், கீழ், கீழ், மேல், கீழ், மேல், மேல், கீழ் என்று எட்டு அடியாகத் திருப்பினால் நேர்க்கோட்டு நகர்வும், வளைந்து நகர்வதில் இரண்டாம் படியும்கூட அடிபட்டுவிடும். திருப்பிய உடனே சில மில்லி நொடிகள் எண்ணாமல் விடுங்கள், மூலம் நிலைபெற வேண்டும்.

குறுக்கு விகிதத்தையும் ஏமாற்றுபவை

ஸ்பின்னோடு சேர்ந்து மாறும் எதுவும் அடிபடாது. இதை மனதில் பதித்துக்கொண்டால் மீதியை நீங்களே யோசித்துக் கண்டுபிடித்துவிடலாம், இருந்தாலும் முக்கியமானவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, கற்றையின் இடம். டிடெக்டர் இலக்கிலிருந்து 20 செ.மீ. தூரத்தில், 90 பாகை அருகே இருக்கிறது என்று வையுங்கள். கற்றை 1 மி.மீ. இடப்பக்கம் நகர்ந்தால் இடது டிடெக்டரின் திண்மக் கோணம் 1 விழுக்காடு கூடும், வலதினுடையது 1 விழுக்காடு குறையும். பொய்ச் சமச்சீரின்மை 0.01. கற்றை எப்போதும் அங்கேயே இருந்தால் குறுக்கு விகிதம் அதை விழுங்கிவிடும். ஸ்பின் மேலில் மட்டும் நகர்ந்தால் அதில் பாதி உங்கள் விடையில் அப்படியே வந்து உட்காரும். மூலத்தில் ஸ்பின்னைத் திருப்ப ஒரு காந்தப்புலத்தைப் புரட்டுகிறீர்கள் என்றால் அந்தப் புலம் கற்றையையும் கொஞ்சம் தள்ளும் என்று சந்தேகப்பட்டே ஆகவேண்டும். அதனால்தான் பெரிய புலத்தைப் புரட்டுவதைவிட ரேடியோ அதிர்வெண் மூலம் அணு நிலைகளை மாற்றி ஸ்பின்னைத் திருப்புவது நல்லது. இலக்குக்கு முன்னும் பின்னும் இடது–வலது பிளவுகளில் மின்னோட்டத்தைப் பார்த்து, திசைதிருப்பும் காந்தங்களுக்குப் பின்னூட்டம் கொடுத்துக் கற்றையைப் பிடித்து வையுங்கள். முன்கோணங்களில் இடம் மட்டுமல்ல, கோணமும் முக்கியம்: அங்கே சிதறல் எண்ணிக்கை கோணத்தோடு மிக வேகமாகக் குறையும்.

இரண்டாவது, கருவிகளின் செயலற்ற நேரம். அதிகம் எண்ணும் பக்கம் அதிகம் இழக்கும். ஆகவே இது எப்போதும் சமச்சீரின்மையைக் குறைத்தே காட்டும், ஒருபோதும் கூட்டாது. ஒவ்வொரு டிடெக்டர் முன்பெருக்கியிலும் செயற்கைத் துடிப்புகளை விட்டு, ஒவ்வொரு ஸ்பின் நிலைக்கும் தனித்தனியாக எத்தனை உள்ளே போனது, எத்தனை பதிவானது என்று எண்ணுங்கள். அந்தத் துடிப்புகளின் வீதம் கற்றை மின்னோட்டத்தோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டும், சீரான கடிகாரத் துடிப்பு உண்மையான இழப்பைக் குறைத்துக் காட்டும். அப்புறம் கற்றையைப் பாதியாகக் குறைத்து அதே புள்ளியை மறுபடி அளங்கள். விடை நகர்ந்தால் வீதத்தைச் சார்ந்த ஏதோ ஒன்று இன்னும் மிச்சம் இருக்கிறது.

மூன்றாவது, பின்னணி. முகட்டின் கீழே இருக்கும் பின்னணிக்கும் சொந்தமாக ஒரு சமச்சீரின்மை இருக்கலாம், கார்பனுக்கு நிச்சயம் இருக்கும். ஆகவே நான்கு நிறமாலைகளிலும் தனித்தனியாகப் பின்னணியைக் கழித்துவிட்டு அதன்பின் விகிதம் போடுங்கள். விகிதம் போட்டுவிட்டுத் திருத்துவது குழப்பத்தில்தான் முடியும்.

பொய்யைப் பிடிக்க ஒரு நல்ல சோதனை: மூலத்தில் முனைவாக்கத்தை அணைத்துவிட்டு, ஸ்பின் திருப்பும் மின்னணுவியல் மட்டும் வழக்கம்போல ஓடட்டும். சமச்சீரின்மை சுழியாக வர வேண்டும். கார்பனிலோ தங்கத் தகட்டிலோ, ஏ-ஒய் கிட்டத்தட்ட சுழியாக இருக்கும் குறைந்த ஆற்றலில் முன்கோணத்தில் எண்ணுவதும் இன்னொரு வழி. கற்றை நேரம் வீணாகிறது என்று முணுமுணுப்பார்கள், கேட்காதீர்கள்.

எவ்வளவு நேரம் எண்ண வேண்டும்

சமச்சீரின்மையின் புள்ளியியல் பிழை ஏறத்தாழ 1-ஐ மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தது (சமச்சீரின்மை பெரிதானால் இன்னும் குறையும்). புரோட்டான்–ஹீலியத்தில் ஏ-ஒய் 1 இருக்கும் புள்ளியில், முனைவாக்கம் 0.8 என்றால், அதை 1 விழுக்காட்டுக்கு அளக்க 5,600 நிகழ்வுகள் போதும். ஏ-ஒய் 0.04 மட்டுமே உள்ள வினையில் அதே 1 விழுக்காட்டுக்கு ஏறக்குறைய 1 கோடி வேண்டும். ஆகவே கோணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எண்ணிக்கை வீதம் அதிகமுள்ள இடத்துக்கு ஓடாதீர்கள். சிதறல் குறுக்குவெட்டுப் பரப்பை (சிதறல் நடக்கும் வாய்ப்பின் அளவு) ஏ-ஒய்யின் இருமடியால் பெருக்கி, அது எங்கே உச்சமோ அங்கே வையுங்கள்.

இந்தச் சின்ன ஏ-ஒய் வெறும் உதாரணத்துக்குச் சொன்னதல்ல. குறைந்த ஆற்றலில் நியூக்ளியான்–டியூட்ரான் (நியூக்ளியான் என்றால் புரோட்டான் அல்லது நியூட்ரான்) சிதறலில் ஏ-ஒய் நூற்றில் சில பங்குதான், அங்கேதான் பெரிய தலைவலி இருக்கிறது. மூன்று துகள் கணக்கைத் துல்லியமாகத் தீர்த்தாலும், நல்ல இரு-நியூக்ளியான் விசைகளைப் போட்டாலும், கணக்கில் வரும் உச்சம் அளவீட்டைவிட 25 முதல் 30 விழுக்காடு குறைவு. ஏ-ஒய் புதிர் என்று இதற்குப் பெயர். குறுக்குவெட்டுப் பரப்பு எல்லாம் அழகாகப் பொருந்தும் அதே கணக்கில் இது மட்டும் உதைக்கிறது. இந்த வித்தியாசத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் உங்கள் பொய்ச் சமச்சீரின்மை 0.0005-க்குக் கீழே இருக்க வேண்டும். அந்த அளவில்தான் மேலே சொன்ன பிளவுப் பின்னூட்டமும் எட்டு அடித் திருப்பலும் ஆடம்பரம் இல்லை என்று புரியும்.

டியூட்ரான் என்றால்

ஸ்பின் 1 என்பதால் திசையன் முனைவாக்கம் ஒன்று, டென்சர் முனைவாக்கம் இன்னொன்று. ஸ்பின் அச்சில் +1, 0, −1 நிலைகளின் பங்குகள் தெரிந்தால், திசையன் முனைவாக்கம் முதலிலிருந்து கடைசியைக் கழித்தது. டென்சர் முனைவாக்கம் 1-லிருந்து நடுநிலையின் மும்மடங்கைக் கழித்தது, அது −2 முதல் +1 வரை போகும்.

ஸ்பின் செங்குத்தாக இருக்கும்போது திசையன் பகுதி இடது, வலதில் எதிரெதிர்க் குறியோடு வரும், ஆகவே குறுக்கு விகிதம் அப்படியே வேலை செய்யும். டென்சர் பகுதி இடதிலும் வலதிலும் ஒரே குறியோடு ஏ-ஒய்ஒய்யாக வரும். மேலேயும் கீழேயும் இருக்கும் டிடெக்டர்களில் ஏ-எக்ஸ்எக்ஸாக வரும். ஆகவே இடது–வலது ஜோடியை மேல்–கீழ் ஜோடியோடு ஒப்பிட்டால் இரண்டின் வித்தியாசம்தான் கிடைக்கும், தனித்தனியாக வேண்டுமென்றால் கற்றையின் அளவு நம்பகமாகத் தெரிந்தாக வேண்டும். ஏ-எக்ஸ்இசட் வேண்டுமென்றால் ஸ்பின் அச்சைக் கற்றைக்கு 45 பாகை சாய்க்க வேண்டும், அதற்கு வீன் வடிகட்டி கட்டாயம்.

ஏ-இசட்இசட்தான் மிகவும் அடம்பிடிப்பது. ஸ்பின் கற்றையோடு இணையாக இருக்கும், சுற்றிலும் எந்தப் பக்கமும் வித்தியாசம் கிடையாது, மொத்த எண்ணிக்கைதான் கூடும் குறையும். குறுக்கு விகிதத்தின் பாதுகாப்பு எதுவும் இங்கே இல்லை. மின்னோட்ட அளவீடும், இலக்கின் தடிமனும், செயலற்ற நேரமும் எல்லாம் நேரடியாக விடையைத் தொடும். இதற்காகத்தான் இலக்குக்குப் பின்னால் ஹீலியம்-3 வாயுக் கூடு ஒன்றை வைத்து, டியூட்ரானும் ஹீலியம்-3-உம் சேர்ந்து புரோட்டானும் ஹீலியம்-4-உம் ஆகும் வினையில் 0 பாகையில் வரும் அதிவேகப் புரோட்டான்களை எண்ணுவது வழக்கம். இந்த வினை 18.35 எம்.இ.வி. வெளியிடுகிறது, அதனால் புரோட்டான் தடித்த தகட்டையும் தாண்டி வந்துவிடும், கற்றையை நிறுத்தும் தகட்டுக்குப் பின்னாலேயே டிடெக்டரை வைக்கலாம். டென்சர் முனைவாக்கத்தை ஓட்டம் முழுக்கக் கண்காணிக்க இதைவிட வசதியானது இல்லை.

வெளியேறும் நியூட்ரானின் முனைவாக்கம்

கற்றையை விட்டுவிட்டு, வினையில் பிறக்கும் நியூட்ரானின் முனைவாக்கத்தை அளக்க வேண்டும் என்றால் இரண்டாவது சிதறல் தவிர்க்க முடியாது. மறுபடியும் ஹீலியம்-4 தான். ஆனால் இந்த முறை ஹீலியமே டிடெக்டரும்கூட. உயர் அழுத்த ஹீலியம் வாயுவோ திரவ ஹீலியமோ சின்டிலேட்டராக ஒளிரும், பின்னுதைத்த ஆல்ஃபாவின் துடிப்பையும் பக்கவாட்டில் இருக்கும் நியூட்ரான் டிடெக்டரின் துடிப்பையும் ஒரே நேரத்தில் பிடித்தால் பின்னணி நன்றாகக் குறைந்துவிடும்.

இங்கே ஸ்பின்னை மூலத்தில் திருப்ப முடியாது, ஆனால் பறக்கும் வழியில் திருப்பலாம். நியூட்ரான் பாதையோடு இணையான புலம் உள்ள ஒரு வரிச்சுருளை வழியில் வையுங்கள். 2 எம்.இ.வி. நியூட்ரானின் செங்குத்து ஸ்பின்னை 90 பாகை படுக்கவைக்கப் புலமும் நீளமும் பெருக்கியது ஏறக்குறைய 0.17 டெஸ்லா-மீட்டர் வேண்டும். வேகத்தோடு கூடுவதால் 8 எம்.இ.வி.க்கு இரண்டு மடங்கு. மின்னோட்டத்தை எதிர்த்திசையில் விட்டால் ஸ்பின் மறுபக்கம் படுக்கும், இரண்டுக்கும் இடையே 180 பாகை. இரண்டாம் சிதறலின் டிடெக்டர்களை மேலேயும் கீழேயும் வைத்துவிட்டால் அதே குறுக்கு விகிதக் கணக்குதான். கவனிக்க வேண்டியது ஒளிப்பெருக்கிக் குழாய்கள்: சுருளின் கசிவுப் புலம் அவற்றின் பெருக்கத்தை மாற்றும், மின்னோட்டத் திசையோடு சேர்ந்து மாற்றும், ஆக மிகச் சரியான பொய்ச் சமச்சீரின்மை. மியூ-உலோக உறை போடுங்கள். காமாக் கதிர் மூலம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, மின்னோட்டத்தை இரு திசையிலும் ஓட்டி முகடு நகர்கிறதா என்று பாருங்கள்.

ஹீலியம் சின்டிலேட்டரும் பக்க டிடெக்டர்களும் பெரியவை, நெருக்கமாக இருப்பவை. ஆகவே மையக் கோணத்தின் ஏ-ஒய்யைப் போட்டு வகுக்காதீர்கள். வடிவமைப்பைக் கணினியில் ஏற்றி மான்டே கார்லோ (தற்செயல் எண்களால் செய்யும் போலிச் சோதனை) செய்து, இரண்டு முறை சிதறி வந்த நியூட்ரான்களையும் சேர்த்து, சராசரி ஏ-ஒய்யைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் அது மைய மதிப்பைவிடக் குறைவாகவே வரும்.

முடிவை எழுதும்போது

ஒவ்வொரு புள்ளிக்கும் புள்ளியியல் பிழையையும் முறைப்பிழையையும் தனியாகக் கொடுங்கள். கற்றை முனைவாக்கத்தின் பிழை இவற்றோடு சேராது: அது எல்லாப் புள்ளிகளையும் ஒன்றாக மேலேயோ கீழேயோ நகர்த்தும், ஆகவே அட்டவணைக்கு வெளியே ஒரே ஓர் அளவுக் காரணியின் பிழையாக நிற்கட்டும். கோணப் பரவல், இலக்கு நடுவின் ஆற்றல், எந்த மரபு, எந்த அளவுகோல் வினை, அதற்கு எடுத்துக்கொண்ட பகுப்புத் திறன் எவ்வளவு, இத்தனையும் எழுதி வைத்தால், அந்த அளவுகோலின் மதிப்பு பின்னாளில் திருத்தப்பட்டாலும் உங்கள் எண்களை யாரும் ஒரே பெருக்கலில் சரிசெய்துகொள்ளலாம். நான்கு மூல எண்ணிக்கைகளையும் ஓட்டவாரியாகச் சேமித்து வையுங்கள், சமச்சீரின்மையை மட்டும் அல்ல.